தோற்கப்போகும் பக்கத்திலிருந்து பேசுவது



ஒரகடத்துத் தொழிற்சாலை வாசலில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நிறுத்திவைத்து கேட் மீட்டிங் பேசிப் பழகியவர் நீங்கள். இனி கிராம சபையிலும் பேசப் போகிறீர்கள். கேட்டில் கைதட்டல் கிடைத்தால் போதும். சபையில் பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால்தான் உண்டு.

தோற்கும் பக்கத்தில் நின்று சபையில் பேசியவர்கள் சிலரைப் பாருங்கள். 1875 ஏப்ரல் 22. லண்டன் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதாவை எதிர்த்து அயர்லாந்து உறுப்பினர் ஜோசப் பிக்கர் எழுந்தார். பெல்ஃபாஸ்டில் பன்றிக்கறி வியாபாரம் செய்தவர். ஏறத்தாழ நான்கு மணி நேரம் அவர் உட்காரவில்லை. சொந்தச் சரக்கு கொஞ்சம்தான். அரசாங்க அறிக்கைகளையே பக்கம் பக்கமாக வாசித்தார். காதில் விழவில்லை என்று சபாநாயகர் குறைபட்டதும், காகிதக் கட்டோடு அவர் அருகிலேயே போய் நின்று, முதலிலிருந்து வாசிக்கட்டுமா என்றாராம்!

அன்றுதான் இன்னொரு அயர்லாந்து உறுப்பினரான சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அந்த அவைக்குள் வந்தார். தொடக்கத்தில் திக்கித் திணறிய பேச்சாளர். அவர் பிடித்துக்கொண்டது சபை விதிகளை. 1881இல் அவருடைய அணி ஒரே அமர்வை 41 மணி நேரம் இழுத்தது. சபாநாயகர் பிராண்ட் தாமாகவே விவாதத்தை முடித்துவைத்தார். பிறகு விவாதத்தை அப்படி முடித்துவைக்கவென்றே விதியும் வந்தது. இழுத்தடிக்கும் வித்தை அத்தோடு மழுங்கியது.

அண்ணாவின் கதைக்கு லண்டன் போகவேண்டாம். சுங்குவார்சத்திரம் தாண்டினால் காஞ்சிபுரம். 1962 தேர்தலில் சொந்த ஊரிலேயே தோற்று மாநிலங்களவைக்குப் போனார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட, வங்காளக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதாவை 1963இல் ஆதரித்துப் பேசினார். பெயரை மாற்றி என்ன லாபம் என்று கேள்வி வந்தது. பார்லிமென்ட்டை லோக்சபா என்றும் ஜனாதிபதியை ராஷ்டிரபதி என்றும் ஆக்கி நீங்கள் கண்ட லாபம் என்ன என்று திருப்பிக் கேட்டார். கேட்டவர் வீட்டுப் பாத்திரத்திலேயே மொண்டு கொடுத்த பதில் அது. மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று, முதலமைச்சராக அதே கோரிக்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார்; ஒருமனதாக நிறைவேறியது. 1969 ஜனவரி 14இல் பெயர் நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரி 3இல் அவர் மறைந்தார்.

உங்கள் வயிற்றைத் தொட்டது 2023 ஏப்ரல் 21. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எண்ணிக்கையில் அவர்கள் சொற்பம். வெளியே சங்கங்களும் கொதித்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது; மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு.

மே 1 கிராம சபை நாளும்கூட. அன்று உங்கள் ஊர் ஏரியில் கலக்கும் கழிவுநீரைப் பற்றிப் பேசுவதானால், தீர்மானத்தை இரண்டே வரியில் எழுதி எடுத்துப் போங்கள். நாற்றத்தை வர்ணிக்க வேண்டாம். எந்தத் தேதியில், எந்த மதகில் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு நோட்டு வரும்போது, உங்கள் வரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவைத் திறங்கள்.