பெண் வேடம் கட்டப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

இந்தச் சித்திரையில் திரௌபதி வேடம் உனக்குத்தான் என்று கூத்து வாத்தியார் சொல்லிவிட்டாராம். சந்தோஷம். அட்வான்ஸ் பணம் கைக்கு வந்ததும் கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் போய், கண்ணைப் பறிக்கிற மாதிரி நாலு சேலை எடுக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். கொஞ்சம் பொறு. முதல் செலவு உள்பாவாடைக்கும் ஜாக்கெட்டுக்கும். அவை சரியாக இருந்தால் நூறு ரூபாய்ச் சேலையும் நிற்கும். சரியில்லை என்றால் பட்டே கட்டினாலும் விடிவதற்குள் அவிழும்.

உள்பாவாடை கெட்டிப் பருத்தியில் இருக்கட்டும். சாட்டினில் கொசுவம் பிடிக்காது, வியர்த்தால் வழுக்கும். மெல்லிய நாடா நடு ராத்திரிக்குள் இடுப்பை அறுத்துவிடும். விரல் அகலப் பட்டை நாடாவாகக் கோத்துக்கொள். விளிம்பு சலங்கைக்கு மேல் இரண்டு விரற்கடை தூக்கி நிற்க வேண்டும். தாழ்ந்தால் மணியில் துணி மாட்டும், சுற்றி ஆடும்போது சபை நடுவில் குப்புற விழ வேண்டியதுதான்.

ஜாக்கெட்டை ரெடிமேடாக எடுக்காதே. உன் தோள் அதில் அடங்காது. தையல்காரரிடம் கையைத் தொங்கவிட்டு ஓர் அளவு, தலைக்கு மேல் தூக்கி ஓர் அளவு கொடு. அக்குளில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் கை தாராளமாகச் சுற்றும். முழங்கை வரை கை வைத்தால் புஜத்தின் முறுக்கு மறையும். லைனிங் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடு. இல்லாவிட்டால் முதல் சலவையில் அது சுருங்கி மேல்துணியையும் இழுத்துவிடும். இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைத்தால் அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாம். மார்புக்குப் பழைய பருத்தித் துணியை மடித்து ஜாக்கெட்டோடு சேர்த்தே தைத்துவிடு. தனியாகச் செருகினால் இடம் மாறும். அளவு குறைவாக இருக்கட்டும். பெருசாக வைத்தால் சபை சிரிக்கும். அந்தச் சிரிப்பு கோமாளியாக வரும் கட்டியக்காரனுக்குச் சேர வேண்டியது, பாஞ்சாலிக்கு ஆகாது.

இனி சேலை. கடையில் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதே. யார் கட்டப் போகிறாள் என்று கேட்டுக்கொள். வில் வளைப்பில் திரௌபதி மணப்பெண். கரை அகலமாக, அரக்கும் மஞ்சளுமாக இருக்கலாம். கர்ண மோட்சத்தில் பொன்னுருவி ராஜவம்சம் என்ற மிடுக்கோடு புருஷனிடம் வாதாடுகிறவள். நகை அவளுக்குத்தான் அதிகம் வேண்டும். குந்தி வயசானவள், அவளுக்குச் சாயம் போன நூல் சேலை போதும். குறத்திக்கு முழங்காலுக்குக் கீழே ஏற்றிச் செருகிய கட்டு. இந்த நாலு பேரும் உன் பெட்டியில் இருந்தால் எந்தக் கூத்துக்கும் கிளம்பிவிடலாம். கால் அகட்டி ஆடும் வேடத்துக்கு 9 கஜம் எடு. சுமார் 8 மீட்டர் துணி இருந்தால்தான் அடி எடுத்து வைத்தாலும் கொசுவம் மூடி நிற்கும். எடுப்பதற்கு முன் கடைக்கு வெளியே ஒருவரைப் பிடிக்கச் சொல்லி முப்பதடி தள்ளி நின்று பார். கரை தெரியவில்லை என்றால் அந்தச் சேலை வேண்டாம். இப்போது வைக்கிற எல்இடி வெளிச்சத்தில் ஜிகினா கண்ணைக் கூசவைக்கும், உன் முகபாவம் அதில் அடிபட்டுப் போகும்.

பெண் வேடம் என்றால் அழகி வேடம் என்று நினைத்துவிடாதே. நாடக நடிகர் டி.கே. சண்முகத்துக்கு ஔவை என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது கூன் விழுந்த கிழவியாக நடித்துத்தான். மராத்தி மேடையில் பால கந்தர்வர் (1888–1967) சேலை கட்டும் விதத்தைப் பார்த்து வீட்டுப் பெண்கள் கட்டிக்கொண்டார்கள் என்பார்கள். அது நமக்குத் தலைகீழ். நாம்தான் பெண்களைப் பார்த்துக் கற்க வேண்டும். கல்வராயன்மலைக்கு ஆடப் போனால் பகலில் தூங்கியே கழிக்காதே. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் விறகுக் கட்டோடு ஏற்றத்தில் வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்களைக் கவனி: முந்தானையை எங்கே செருகுகிறார்கள், எந்தக் கை சுமையில் இருக்கிறது, நின்று பேசும்போது எந்தக் காலில் பாரம் விழுகிறது. குறத்திக்கு வேண்டியது எல்லாம் அங்கே இருக்கிறது. மலையில் பனி இறங்கினால் நூல் சேலை ஈரம் குடித்துக் கனக்கும். மாற்றுச் சேலை ஒன்றை பாலிதீன் உறையில் கட்டி எடுத்துப் போ.

கூவாகம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியில் அங்கே கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிற திருநங்கைகள், மறுநாள் அதை அறுத்து வெள்ளைச் சேலை உடுத்துகிறார்கள். கூத்தாண்டவர் என்று அவர்கள் கும்பிடும் அரவானைத்தான் களபலிக் கூத்தில் நாமும் ஆடுகிறோம். ஆனால் ஒன்றை மனதில் வை. நீ விடிந்ததும் சேலையைக் களைந்து மடித்துவிடுவாய். அவர்களுக்கு அது வாழ்க்கை. பெண்ணையோ திருநங்கையையோ கேலி செய்கிற நடையும் குரலும் உன் வேடத்தில் ஒரு நொடியும் வரக்கூடாது. அகன்ற தோளுக்கு ஜாக்கெட் எப்படி வெட்டுவது, மீசை மழித்த இடத்துப் பச்சை நிறத்தை எப்படி மறைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு நம்மில் யாருக்கும் தெரியாது. அக்கா என்று கூப்பிட்டு மரியாதையாகக் கேள்.

முகத்துக்கு அரிதாரக் கல்லை இழைத்துப் பூசுவது பழைய வழக்கம். அது ஆர்சனிக் உள்ள பொருள், விட்டுவிடு. மேடை ஒப்பனைக்கென்று விற்கிற கேக் வாங்கிக்கொள், ஆடி முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுக் கலை.

கடைசியாகத் துகிலுரியும் கூத்து ஆடும் ராத்திரி. உள்ளே ஒரு சேலையை முழுசாகக் கட்டி, கொசுவத்தைப் பாவாடையோடும் முந்தானையை ஜாக்கெட்டோடும் ஊக்கு போட்டு இறுக்கிக்கொள். துச்சாதனன் இழுக்கும் சேலையை அதன் மேல் தனியாகச் சுற்று. எதைப் பிடித்தால் எது வரும் என்று அவரோடு பகலிலேயே ஒத்திகை பார். சபதம் போட்டுக் கூந்தலை விரிக்கும் இடத்தில் சவுரி ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். அதற்கு ஒரே ஒரு முடிச்சு, இடது கைக்கு எட்டும்படி. பதினெட்டாம் போர் முடிந்து படுகளத்தில் முடிகிற கூந்தல் அது. அதுவரைக்கும் ஊரே அந்தத் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்குனி பிறந்தால் தையல்காரர்களிடம் துணி மலையாகக் குவியும். இந்த வாரமே போய் அளவு கொடு. வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ஒரு காலத்துப் பொன்னுருவி,
உன் அண்ணன்