வழிகாட்டி இல்லாமல் மயோர்கா மலையில் நான்கு நாள்

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 59. மகள் பார்சலோனாவில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஆண்டு அவளிடம் போகும்போது, பக்கத்திலிருக்கும் மயோர்கா தீவின் த்ரமுந்தானா மலைத்தொடரில் நாங்கள் இருவர் மட்டும், வழிகாட்டி வைத்துக்கொள்ளாமல் நடக்க ஆசைப்படுகிறோம். தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறோம். மாதம் ஒருமுறை மருதமலைப் படி ஏறுகிறோம். மலை நெடுகிலும் போகும் பாதையை முழுதாக ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்கிறாள் மகள். எங்களால் முடியுமா? எந்த மாதம் நல்லது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நடக்க முடியும். முழுப் பாதை மட்டும் வேண்டாம். ஜி.ஆர். 221 என்று பெயர் பெற்ற அந்தப் பாதை, தீவின் தென்மேற்கு மூலையில் தொடங்கி வடக்கே பொயென்சா ஊர்வரை மலையோடு மலையாகப் போகிறது. அதன் மேற்குப் பாதியில் ஆங்காங்கே தனியார் தோட்டங்கள் குறுக்கிடுகின்றன. குறிப்பலகைகளும் விட்டு விட்டுத்தான் வரும். புதிதாகப் போகிறவர்கள் அங்கே வழி தேடியே களைத்துப் போவார்கள். தேயா என்ற சிற்றூரிலிருந்து பொயென்சா வரையுள்ள கிழக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் நடை. மரப்பலகைகள் ஒழுங்காக வழி சொல்கின்றன, இரவு தங்கத் தீவு நிர்வாகத்தின் மலைவிடுதிகள் இருக்கின்றன.

உயரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். தொடரின் உச்சியான பூச் மயோர் 1,445 மீட்டர்; அங்கே ராணுவத் தளம் இருப்பதால் நடப்பவர்கள் போக முடியாது. உங்கள் பாதையின் மிக உயர்ந்த இடம் சுமார் 1,200 மீட்டர். மூச்சுத் திணறும் உயரமில்லை. சோதனை காலுக்குத்தான். சுண்ணாம்புப் பாறையும், அதிலிருந்தே உடைத்துப் பாவிய கல்பாதையும் நாள் முழுக்க உள்ளங்காலில் தட்டிக்கொண்டே இருக்கும்.

அதனால் எந்தத் திசையில் நடக்கிறீர்கள் என்பது முக்கியம். சோயெர் நகரத்திலிருந்து பினியாராஷ் பள்ளத்தாக்கு வழியாக மேலேறும் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள் இருக்கின்றன. தேயாவிலிருந்து கிளம்பினால் அவற்றை ஏறுவீர்கள். பொயென்சாவிலிருந்து கிளம்பினால் இறங்குவீர்கள். ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் முட்டி போகும். இந்த வயதில் முட்டியைத்தான் காப்பாற்ற வேண்டும். மருதமலையில் ஏறுவதோடு நிறுத்தாமல், முதுகில் ஐந்து கிலோ பையோடு படி வழியாகவே இறங்கியும் பழகுங்கள். கைத்தடி ஆளுக்கு இரண்டு வேண்டும்.

முதல் நாள் தேயாவிலிருந்து ஆலிவ் தோப்புகள் வழியே சோயெர் பக்கம் சுமார் பத்து கிலோமீட்டர். அன்று துறைமுகத்துக்கு மேலே இருக்கும் முலேத்தா விடுதியில் தங்காமல் சோயெர் நகருக்குள் தங்குங்கள்; மறுநாள் நடை சில கிலோமீட்டர் குறையும். அந்த இரண்டாம் நாள்தான் கடினமானது. கிட்டத்தட்ட கடல்மட்டத்திலிருந்து 875 மீட்டரில் உள்ள லோஃப்ரே கணவாய்க்கு ஏறி, கூபெர் நீர்த்தேக்கத்துக்கு இறங்கி, அங்கிருந்து தோசல்ஸ் வெர்ட்ஸ் விடுதிவரை போக வேண்டும்.

திட்டம் போடும்போது எல்லோரும் கிலோமீட்டரைத்தான் கூட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் நடையை நிறுத்திக்கொள்ளலாம் என்பதை முதலில் பாருங்கள். இரண்டாம் நாளுக்கு அந்த இடம் கூபெர். அங்கே தார்ச்சாலை வந்து சேர்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பேருந்தும் உண்டு. நடைகள் குறைவு என்பதால் நேர அட்டவணையை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் கூபெரை எட்டவில்லை என்றாலோ, இருவரில் ஒருவருக்குக் கால் வலித்தாலோ, வண்டி ஏறி லியூக் மடாலயத்துக்குப் போய்விடுங்கள். வழிகாட்டி கூட வந்தால் இந்த முடிவை அவர் எடுப்பார். நீங்களே நடக்கும்போது, எந்த மணிக்கு எங்கே நிறுத்துவது என்று காலையில் காபி குடிக்கும்போதே இருவரும் பேசி முடித்துவிட வேண்டும். களைத்த பிறகு பேசினால் ஒருவருக்காக ஒருவர் ‘பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டு இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

மூன்றாம் நாள் பிராட் கணவாயைத் தாண்டி லியூக் வரை, நான்காம் நாள் பெரும்பாலும் இறக்கமாகப் பொயென்சாவரை.

இந்த மலையை நான் உங்களுக்குத் தயங்காமல் சொல்வதற்குக் காரணம் அதன் கல்வேலை. மயோர்காவில் ‘மார்ஜெர்’ என்று அழைக்கப்படும் கல் அடுக்குவோர், சாந்து ஒரு துளியும் சேர்க்காமல், மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பி மண்ணை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாந்து பூசினால் மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கிச் சுவரையே தள்ளிவிடும். கல்லிடுக்கு வழியே நீர் கசிந்து போவதால்தான் அவை நிற்கின்றன. நீங்கள் மிதிக்கும் பாதையும் அதே கைகளின் வேலைதான். மழைநீர் பாதையை அரிக்காதபடி குறுக்கே கல்வரம்பு வைத்து ஓரமாகத் திருப்பிவிட்டிருப்பதைக் கவனியுங்கள். யுனெஸ்கோ 2011-ல் இந்த மலைத்தொடரைப் பண்பாட்டு நிலக்காட்சியாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2018-ல் ஸ்பெயின் உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் சாந்தில்லாக் கல்லடுக்குக் கலைக்கும் தனி அங்கீகாரம் கிடைத்தது. குறுக்கு வழிக்காகச் சுவரேறிக் குதிக்காதீர்கள். ஒரு கல் சரிந்தால் அடுத்த மழையில் ஒரு கஜச் சுவர் சரியும்.

காட்டுக்குள் போனால் ஓக் மரங்களின் நடுவே பாசி படர்ந்த வட்டமான கல்மேடைகளைப் பார்ப்பீர்கள். கரி சுடுவோர் மூட்டம் போட்ட இடங்கள் அவை. குடும்பத்தோடு மாதக்கணக்கில் அங்கேயே கிடந்து கரி சுட்டார்கள். மூன்றாம் நாள் பிராட் கணவாய்க்கு அப்பால் ஒரு பெரிய கற்குழி வரும்: பனிவீடு. குளிர்காலத்தில் பெய்த பனியை அள்ளி, மிதித்து இறுக்கி, இடையிடையே புல் பரப்பிச் சேமித்து வைத்து, கோடையில் இரவோடு இரவாகக் கோவேறு கழுதைகளில் ஏற்றி ஊர்களுக்கு அனுப்பினார்கள். செயற்கைப் பனிக்கட்டி ஆலைகள் வந்ததும் இந்தத் தொழில் நின்றுபோனது. அவசரமாக முழுப் பாதையையும் முடிக்க நினைப்பவர்கள் இதையெல்லாம் நின்று பார்க்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

மாதம்: ஏப்ரல், மே. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இதமாக இருந்தாலும், வெதுவெதுப்பான கடல்மேல் குளிர்காற்று வந்து மோதும் காலம் அது. சில மணி நேரத்தில் பேய்மழை கொட்டும். 2018 அக்டோபரில் தீவின் கிழக்கே சான் லோரென்ஸ் என்ற ஊரில் திடீர் வெள்ளம் 13 பேரைக் கொண்டுபோனது. மழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பள்ளத்தாக்குப் பாதையில் கால் வைக்காதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் நடக்கவே வேண்டாம். சுண்ணாம்பு மலை என்பதால் பெய்த நீரைப் பாறை உறிஞ்சிவிடும். ஓடைகள் வறண்டுதான் கிடக்கும். நடுவில் ஊற்றுகள் இருந்தாலும் அவற்றை நம்பாமல் ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தங்குமிடச் சான்று கேட்பார்கள். விடுதி முன்பதிவை முதலில் முடியுங்கள். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. அதில் மலைநடையும் மீட்பும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் இதே மலைக்குப் போகிறோம். கைபேசி வரைபடம் போதாதா? காகித வரைபடம் எதற்கு?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: கைபேசி வேண்டும்; அதை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், அதனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பினா பதிப்பகத்தின் த்ரமுந்தானா வரைபடம் ஒன்றைப் பையில் வையுங்கள். அதைத் தரையில் விரித்து இருவரும் சேர்ந்து பார்த்தால்தான், பாதை தப்பினால் எந்தப் பக்கம் இறங்கினால் சாலை வரும் என்பது புரியும். பலகையில் போட்டிருக்கும் மணிக்கணக்கில் ஓய்வும் சாப்பாடும் சேராது. கல் மேல் கல் வைத்த குவியல்களைக் கண்டால் அப்படியே பின்தொடராதீர்கள். சில வேறு சிகரத்துக்குக் கூட்டிப்போகும். உதவிக்கு 112.

கேள்வி: நாங்கள் சைவம். மலைவிடுதிகளில் சாப்பாடு கிடைக்குமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கிடைக்கும். முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் ரொட்டியும் சாலட்டும்தான். ‘தும்பெத்’ என்றால் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, குடைமிளகாயைப் பொரித்துத் தக்காளிச் சாறு ஊற்றியது. மேலே இறைச்சி வைத்தும் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். ரொட்டியில் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் தேய்த்த ‘பா அம் ஓலி’யையும் தட்டில் பன்றித் துண்டு வைக்காமல் தரச் சொல்லுங்கள். எல்லோரும் ஆசையாக வாங்கும் சுருள் வடிவ ‘என்சாய்மாதா’வில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். பார்த்தால் வெறும் இனிப்பு ரொட்டி போலத்தான் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஊரிலிருந்து எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப்பொடியும் சின்னப் பொட்டலமாகக் கொண்டுபோங்கள். அரிசி அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.