பெரிய மார்க்கெட்டில் கண்ட புதுவை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

புவியியல் எனக்குப் பாடமன்று. எனினும் புதுவையின் நிலம், மக்கள், ஆட்சி ஆகியவை பற்றி எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. என் தாயார் பெரிய மார்க்கெட்டில் கீரை விற்பவர். விடுமுறை நாட்களில் விடியுமுன்பே கீரைக் கட்டுகளை இறக்கி, தண்ணீர் தெளித்து அடுக்கி வைப்பது என் வேலை. நூலகத்தில் படித்த செய்திகளை அங்கே நேரில் கண்டேன். அவற்றை மாணவ நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே அமைந்துள்ள இவ்வங்காடிக்கு, 1963இல் புதுவையின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயர் இடப்பட்டுள்ளது. ஆனால் மக்கள் வாயில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான். அம்மாவுக்கு அடுத்த இடத்தில் கத்தரிக்காயைக் கூறு கட்டி விற்பவர் என் மாமாவின் மனைவி. எங்கள் வீடு திருபுவனைப் பக்கம். அத்தையின் வீடு கண்டமங்கலம் பக்கம். அதாவது நாங்கள் புதுவை; அவர்கள் தமிழ்நாடு. அடிக்காசு மட்டும் இருவருக்கும் ஒன்றே!

இதனை அறியாதவர்கள் ஒருமுறை விழுப்புரம் பேருந்தில் ஏறிப் பார்க்கலாம். வில்லியனூர், அரியூர் வரை புதுவை. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. சற்று நேரத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மீண்டும் புதுவை. வளவனூரில் மறுபடியும் தமிழ்நாடு. உறங்கி விழிப்பவனுக்கு எந்த அரசாங்கத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. நாம் 'புதுச்சேரிப் பகுதி' என்று சொல்லும் 294 சதுர கிலோமீட்டரும் ஒரே நிலப்பரப்பு அன்று, பல துண்டுகள். இவற்றோடு தெற்கே காரைக்கால், ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் ஏனாம், மேற்குக் கடற்கரையில் கேரளத்தின் நடுவே மாகி. எல்லாம் சேர்ந்தால்தான் 490 சதுர கிலோமீட்டர் கொண்ட நம் யூனியன் பிரதேசம். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 12,47,953. இதில் புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 9,50,289 பேர், காரைக்காலில் 2,00,222, ஏனாமில் 55,626, மாகியில் 41,816. மாகியின் பரப்பு 9 சதுர கிலோமீட்டரே என்பதை நினைத்தால் அங்குள்ள நெருக்கம் விளங்கும்.

நிலம் ஏன் இப்படிச் சிதறியது? மலையோ ஆறோ பிரித்ததன்று. மொழி பிரித்ததுமன்று, மதகடிப்பட்டிலும் வளவனூரிலும் பேசுவது ஒரே தமிழ். பிரித்தது வியாபாரமும் போருமே ஆகும். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே குடியேற்றத்தை நிறுவியபின், பிரெஞ்சுக்காரர் அங்கங்கே ஆண்டவர்களிடமிருந்து வெவ்வேறு காலத்தில் ஊர்களைப் பெற்றனர். காரைக்கால் 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து வந்தது. ஆங்கிலேயர் 1761இல் புதுவையைப் பிடித்து நகரையே தரைமட்டமாக்கினர். பிறகு கைமாறுவதும் திரும்புவதுமாக இருந்து, கடைசியில் 1816இல் பிரெஞ்சுக்காரருக்கு மீண்டபோது, சுற்றிலும் ஆங்கிலேயர் நிலம், நடுவே இத்துண்டுகள். அன்று போட்ட கோடு இன்றும் எங்கள் வயல் வரப்பில் ஓடுகிறது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் நம்மவர் அதிகம் பேசாத ஒரு விதி உண்டு. இப்பகுதிகளின் தனி ஆட்சி நிலை தொடரும், அதில் மாற்றம் செய்ய வேண்டுமானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்பே செய்ய வேண்டும் என்பது அது. 1979 ஜனவரியில் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது புதுவை கொந்தளித்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆட்சி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துணைநிலை ஆளுநர், முதலமைச்சர், தேர்ந்தெடுக்கப்பட்ட 30 சட்டமன்ற உறுப்பினர்கள். இவர்களில் 23 பேர் புதுச்சேரிக்கு, ஐவர் காரைக்காலுக்கு. மாகிக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொருவர். தமிழோடு மாகியில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் அரசு மொழிகள். உள்ளாட்சியில் ஐந்து நகராட்சிகளும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. கொம்யூன் என்ற பிரெஞ்சுச் சொல்லை எங்கள் ஊர்க் கிழவிகளும் தமிழாகவே வழங்குகின்றனர். மொழிபெயர்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

பெரிய மார்க்கெட்டில் இந்த நான்கு நிலமும் கூடும். மாகியிலிருந்து மாற்றலாகி வந்த ஊழியர் ஒருவர் மரவள்ளிக் கிழங்கைத் தேடி வருவார். ஏனாம் மாணவர்கள் கோங்கூரா கேட்டபோது அம்மா விழித்தார். அது நம் புளிச்சக்கீரைதான் என்று அறிந்த நாள் முதல், வாரம் நான்கு கட்டு அவர்களுக்கென்றே எடுத்து வைக்கிறார். ஆட்சியாளர் செய்ய வேண்டிய மொழிபெயர்ப்பை அம்மா செய்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வேன்.

ஆனால் எல்லாமே வேடிக்கை அன்று. தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் வழியே வரும் நீர், தமிழ்நாட்டிலுள்ள சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து திரும்புவது. சங்கராபரணி செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வருவது. வீடூர் அணை அங்கே திறந்தால் இங்கே கரையோர மக்களுக்கு எச்சரிக்கை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து கொட்டிய மழையில் எங்கள் சிறுகீரையும் அத்தையின் கத்தரியும் ஒரே இரவில் அழுகின. புதுவை அரசு குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் அறிவித்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2,000 ரூபாய். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் நாத்தனாரும் அண்ணியும் சில நாட்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக் கொள்ளவில்லை. பிறகு அம்மா தானாகவே ஆயிரம் ரூபாயை முந்தானையிலிருந்து எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை விதைக்கு என்று சொல்லி வாங்கிக் கொண்டார்.

அத்தை மகனும் நானும் ஒரே ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறினோம். இரு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர் எங்களுக்கு முன் எவரும் இல்லை. மதிப்பெண் அவனுக்கே அதிகம். இருவருமே நம் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். சேர்க்கையில் புதுவையில் வசிப்போருக்கே முதலிடம். எனவே அவனுக்கு இடமில்லை. எனக்கும் அது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. அம்மாவின் பெயர் அதுவரை எல்லைக்கு அப்பால் தாத்தாவின் குடும்ப அட்டையிலேயே இருந்ததால், வசிப்பிடச் சான்று கேட்டுச் சென்ற ஓர் அலுவலகத்தில் என்னை மும்முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு, கையில் ஈரம் காயாமல், பழைய ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு உடன் வந்தார். சான்று கிடைத்தது. எல்லை இருப்பதால்தான் எனக்கு இடம் கிடைத்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அதே எல்லையால்தான் என்னைவிட நன்றாகப் படித்தவன் வெளியே நின்றான்.

அவன் இப்போது விழுப்புரம் சென்று தாவரவியலே படிக்கிறான். பல்கலைக்கழகம் வேறு, பாடத்திட்டம் வேறு. சென்ற மாதம் இருவரும் செய்முறைத் தேர்வுக்காக ஒரே வரப்பில் கரிசலாங்கண்ணி பறித்து, மார்க்கெட்டில் கிடைத்த பழைய செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தினோம். தாளில் ஒட்டியபின் கீழே 'சேகரித்த இடம்' எழுத வேண்டும். நான் புதுச்சேரி என்று எழுதினேன். அவன் விழுப்புரம் மாவட்டம் என்று எழுதினான்.