கேஸ் கம்மியா, கசிகிறதா?

கேள்வி: எங்கள் வீட்டு ஒன்றரை டன் ஸ்பிலிட் ஏசி வாங்கி நான்கு வருடம் ஆகிறது. கடந்த இரண்டு கோடையிலும் கேஸ் போட்டோம். இந்த வருடம் பங்குனி பிறந்ததுமே மறுபடியும் அறை குளிர மாட்டேன் என்கிறது. வந்த மெக்கானிக் ரிமோட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, “கேஸ் கம்மி, போட்டாகணும்” என்கிறார். உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று நாங்களே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, கடலூர்

பதில்: ஏசி கேஸ், ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீருவதில்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கசிவு இல்லாத மெஷினில், கம்பெனியில் அடைத்த கேஸே அதன் ஆயுளுக்கும் போதும். எனவே வருடாவருடம் கேஸ் போட்டீர்கள் என்றால் இரண்டில் ஒன்று: கசிவை அடைக்காமலே நிரப்பியிருக்கிறார்கள், அல்லது கேஸ் குறையவே இல்லை.

முதலில் மற்ற காரணங்களைக் கழித்துவிடுங்கள். இண்டோர் ஃபில்டரைக் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். அவுட்டோர் காயிலில் தூசி அடைத்திருந்தால் சர்வீஸ்காரரைக் கொண்டு தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். அவுட்டோரில் ஃபேன் மட்டும் சுற்றி, கம்ப்ரஸரின் உறுமலே கேட்கவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். சில நூறு ரூபாயில் முடிகிற அந்த வேலைக்கும் ‘கேஸ் கம்மி’ என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு.

அதன் பிறகு கதவைச் சாத்தி, ரிமோட்டில் மிகக் குறைந்த வெப்பநிலையை வைத்து, ஃபேனை வேகமாக வைத்து 20 நிமிடம் ஓடவிடுங்கள். சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். இண்டோரின் மேல்பக்கம் உள்ளே இழுக்கப்படும் காற்றையும், கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். நல்ல மெஷினில் வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருக்கும். கடலோர ஈரக்காற்றில் சற்றுக் குறையலாம். நான்கைந்து டிகிரிகூடத் தேறவில்லை என்றால் சந்தேகப்படலாம்.

அடுத்து, அவுட்டோருக்குள் போகும் இரண்டு செம்புக் குழாய்களைப் பாருங்கள். கேஸ் சரியாக இருந்தால் தடித்த குழாயின் வால்வு சில்லென்று வியர்த்திருக்கும். குறைந்திருந்தால் பெரும்பாலும் மெல்லிய குழாயின் நட்டில் வெள்ளையாக உறைபனி படியும். தடித்த குழாய் காய்ந்து கிடக்கும். கேஸ் குறைந்தால் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் கேஸ் ஆவியாகும் வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் உறைந்துவிடுகிறது. இருக்கும் கொஞ்சக் கேஸும் காயிலின் ஆரம்பத்திலேயே ஆவியாகித் தீர்வதால் மீதிக் காயிலுக்குக் குளிர்ச்சி எட்டுவதில்லை.

இண்டோர் மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினாலும் இது தெரியும். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் ஐஸ், மற்ற இடம் உலர்ந்திருக்கும். ஃபில்டர் அடைப்பு என்றால் காயில் முழுக்கப் பரவலாக ஐஸ் பிடிக்கும். ஏசியை நிறுத்தியதும் அந்த ஐஸ் உருகி இண்டோரிலிருந்து சொட்டும். அதை டிரெயின் பைப் அடைப்பு என்று நினைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

நட் இருக்கும் இடத்தில் பிசுபிசுப்பான எண்ணெய்க் கறை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து சுற்றுவதால், கேஸ் கசியும் இடத்தில் ஆயிலும் கசிந்து தூசியைப் பிடித்துவைக்கும். அவுட்டோர் சன்ஷேடில் இருந்தால் ஏறிப் பார்க்க வேண்டாம், மெக்கானிக்கையே காட்டச் சொல்லுங்கள். ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கேஜ் மாட்டிப் பார்த்து, “70தான் காட்டுது, பிரஷர் கம்மி” என்றார் மெக்கானிக். நம்பலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: எந்த கேஸ் என்று தெரியாமல் அந்த 70-க்கு அர்த்தம் இல்லை. பழைய ஆர்-22 மெஷின் ஓடும்போது 60–70 பிஎஸ்ஐ காட்டினால் சரிதான். ஆர்-410ஏ, ஆர்-32 மெஷின்களில் சுமார் 110 முதல் 140 வரை இருக்க வேண்டும். அங்கே 70 என்பது குறைவு. கேஸின் பெயரும் எடையும் அவுட்டோரில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இந்த அளவு இறங்கும் என்பதால் சுத்தம் செய்த பிறகே கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸரின் வேகத்துக்கு ஏற்ப பிரஷர் மாறிக்கொண்டே இருக்கும். அங்கே கேஜை விட, கேஸை நிறுத்துப் பார்க்கும் தராசையே நம்பலாம்.

கேள்வி: கசிவு இருப்பது உறுதியாகிவிட்டது. மெக்கானிக்கிடம் என்னென்ன வேலை கேட்க வேண்டும்? கேஸ் மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினால் என்ன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: கம்ப்ரஸரைக் குளிரவைப்பதே திரும்பி வரும் கேஸ்தான். அது குறைந்தபடியே ஓட்டினால் கம்ப்ரஸர் சூடேறிக் கெடும், செலவு பல மடங்காகும்.

முதலில் இரண்டு பக்க ஃபிளேர் நட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். பல கசிவுகள் அங்கேயே பிடிபட்டுவிடும். அங்கே இல்லை என்றால், கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்ற ஒருபோதும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். ஆர்-32 மெல்லத் தீப்பற்றக்கூடியது. குழாய்க்குள் அது இருக்கும்போது வெல்டிங் வேண்டாம், ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். அடைத்த பிறகு வேக்யூம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்துவிட்டு, ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் தராசில் நிறுத்து கேஸ் ஏற்ற வேண்டும்.

உப்புக்காற்றும் சாக்கடை வாயுவும் செம்பை அரிக்கும். காயிலில் ஊசித் துளைகள் விழுந்திருந்தால் ஒட்டுப் போடுவதை விடக் காயிலை மாற்றுவது மேல். வாரன்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்-22 மெஷினில் ஆர்-32 ஏற்றச் சம்மதிக்காதீர்கள்; அந்த அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதல்ல.

கடைசியாக, பில்லில் ‘கேஸ் சார்ஜ்’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். எந்த இடத்தில் கசிந்தது, எத்தனை கிராம் ஏறியது என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். அடுத்த கோடையில் இன்னொருவர் வந்து ‘கேஸ் கம்மி’ என்றால், அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.