'வரலாறு' என்பதை அழுத்தினேன்

அன்புத் தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய தளத்தை நேற்று ராத்திரி போனில்தான் திறந்து பார்த்தேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கான தளம் என்றால் அவர்கள் பார்க்கப்போவதும் போனில்தானே. மூலையில் இருக்கிற மூன்று கோட்டைத் தட்டியதும் பதினான்கு பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். ஒன்பது கஸ்டம் லிங்க், அதாவது முகவரியைக் கையால் எழுதிச் சேர்த்தவை. அவற்றில் பெரும்பாலானவை வெளியே போகின்றன. டவுன் பஸ் ஸ்டாண்டில் பெயர்ப் பலகையைப் படிக்கிற மாதிரி இருந்தது. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஊரைவிட்டுத்தான் போகவேண்டும்.

கோபிக்காதே. வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறாய், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

வேர்ட்பிரஸில் 2010-இல் 3.0 பதிப்போடு இந்த மெனு வசதி வந்தபோது எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம். அதுவரை மெனுவில் நினைத்தபடி ஒரு வரி சேர்க்க வேண்டுமென்றால் தீமின் கோப்பைத் திறந்து கையால் எழுத வேண்டும். ஒரு குறி தவறினால் தளமே வெள்ளையாகிவிடும். இப்போது ஒரு பெட்டியில் முகவரி, இன்னொன்றில் பெயர், 'ஆட் டு மெனு', 'சேவ் மெனு', முடிந்தது. இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதில் ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

உன் தளத்தில் உள்ள ஒரு பக்கத்தை மெனுவில் சேர்த்தால், வேர்ட்பிரஸ் அந்தப் பக்கத்தின் முகவரியை எழுதிவைத்துக்கொள்வதில்லை; அதன் எண்ணைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. நாளைக்கு நீ பக்கத்தின் முகவரியை மாற்றினாலும் மெனு தானாகவே சரியான இடத்துக்குப் போகும். பக்கத்தையே அழித்துவிட்டால் மெனுவிலிருந்தும் அது போய்விடும். கஸ்டம் லிங்குக்கு அந்த உறவு கிடையாது. நீ தட்டச்சு செய்த எழுத்து அப்படியே கிடக்கும். அந்த முகவரியில் இன்னும் வீடு இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். நீதான் பார்க்க வேண்டும்.

நான் இதைப் படித்தது அவமானப்பட்டுத்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கடைக்காரருக்குத் தளம் செய்தேன். என் கம்ப்யூட்டரில் லோக்கல்ஹோஸ்டில் வைத்துக் கட்டினேன். சொந்தப் பக்கங்களைக்கூட முகவரியைக் காப்பி பண்ணி கஸ்டம் லிங்காகவே மெனுவில் போட்டேன், கைக்கு அதுதான் பழகியிருந்தது. தளத்தை ஏற்றினேன், காசு வாங்கினேன். மறுநாள் அவருடைய மகன் கனடாவிலிருந்து கூப்பிட்டு ஒன்றுமே திறக்கவில்லை என்றார். நான் திறந்து பார்த்தேன், எல்லாம் திறந்தது. "உங்கள் இன்டர்நெட்டைப் பாருங்கள் அண்ணே" என்று புத்தி சொன்னேன். இரண்டு நாள் வாக்குவாதம். விஷயம் என்னவென்றால், மெனுவில் இருந்த ஒவ்வொரு முகவரியும் என் மேசைக் கம்ப்யூட்டரையே காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் திறந்தது அதனால்தான். அன்றைக்கு அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

ஆகவே முதல் வேலையாக 'எங்களைப் பற்றி', 'தொடர்பு', 'மாணவர் ஆக்கங்கள்' மூன்றையும் மெனுவிலிருந்து எடுத்துவிட்டு, பக்கங்கள் பட்டியலிலிருந்து திரும்பச் சேர். முகவரிப் பெட்டியில் நீ ஒட்டியிருந்த தமிழ் முகவரி சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டு கிடந்ததைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. தமிழில் 'த' என்ற ஒரே எழுத்து இணைய முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியே ஒன்பது. வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு 200 குறி இடம்தான் தருகிறது. கணக்குப் போட்டால் இருபத்திரண்டு துண்டுக்கு மேல் தாங்காது, மிச்சத்தை வெட்டிவிடும். நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியை நீயே இரண்டு சொல்லில் சுருக்கிக் கொடு.

வெளியே போகிற லிங்குகளில் எது இருக்கலாம்? என் கணக்கில் நான்கு. பரீட்சைகள் திணைக்களம், ஏனென்றால் சாதாரணதரப் பெறுபேறு வருகிற அன்று உன் தளத்துக்கு வருகிறவர்கள் அதற்காகத்தான் வருவார்கள். அதன் முகப்பு வாசலுக்கே லிங்க் கொடு. அரசாங்கத் தளங்களைப் புதுப்பிக்கும்போது உள்ளறைகளின் முகவரி மாறும், வாசல் பெரும்பாலும் மாறாது. அடுத்தது பாடங்களுக்குக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ. மூன்றாவதை நீ வைக்கவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. மழை விடாமல் பெய்தால் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அறிவிக்கிறார்கள். சிவப்பு என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். சரிவில் லயம் இருக்கிற ஒரு பிள்ளைக்குப் பழைய வினாத்தாளைவிட இது அவசரம்.

அதற்குப் பக்கத்திலேயே 117-ஐயும் வை, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். முகவரிப் பெட்டியில் இணைய முகவரிக்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'டெல்' என்ற மூன்றெழுத்து, முக்காற்புள்ளி, அப்புறம் இலக்கம். போனில் தொட்டதும் டயல் திரை வரும். அம்புலன்ஸுக்கு 1990-ஐயும் இப்படிச் செய்யலாம். வாட்ஸ்அப்பை மட்டும் இந்த வழியில் முயலாதே. அந்த வகை முகவரியை வேர்ட்பிரஸ் ஏற்காமல் துடைத்துவிடும். வாட்ஸ்அப்பே தருகிற சாதாரண இணைய முகவரியைப் போடு, முன்னால் இருக்கிற பூச்சியத்தை எடுத்துவிட்டு 94 சேர்த்து.

நான்காவது நூலகம் டாட் ஆர்க். அதை எடு என்று நான் சொல்லவே மாட்டேன். 2005-இலிருந்து ஈழத்து எழுத்தையும் மலையக எழுத்தையும் மின்வடிவில் சேர்த்துவருகிறார்கள், சி.வி. வேலுப்பிள்ளையின் புத்தகத்தைத் தேடி ஒரு பிள்ளை கண்டி வரை பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால் மெனுவில் வெறுமனே 'நூலகம்' என்று போட்டிருக்கிறாய். உன் பாடசாலைப் பிள்ளை அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? தன் பாடசாலை நூலகம் என்றுதான். எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்க்கத் தொடும். 'மின்னூல்கள்' என்று மாற்று. பெயர் வைப்பதில் ஆசைப்படாதே, போன் திரையில் இரண்டு சொல்லுக்கு மேல் மடிந்து அடுத்த வரிக்குப் போகும். ஆனால் பிடிஎஃப் கோப்புக்கு நேரே போகிற லிங்க் என்றால், வரி மடிந்தாலும் பரவாயில்லை, எத்தனை எம்பி என்று பக்கத்தில் எழுது. ரீலோட் போட்டு மிச்சம்பிடிக்கிற பிள்ளைக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது.

மொழி மாற்றும் லிங்கில் 'சிங்களம்' என்று தமிழில் எழுதியிருக்கிறாய். தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தேவைப்படுகிறவருக்கு அது புரியாது. சிங்களத்தைச் சிங்கள எழுத்தில் எழுது.

இனி 'வரலாறு'. அதை அழுத்தினேன், ஜேம்ஸ் டெய்லர் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியாப் பக்கம் வந்து நின்றது. எனக்கு நெஞ்சில் என்னவோ செய்தது, மறைக்கவில்லை. டெய்லர் உங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர்தான். 1852-இல் இலங்கைக்கு வந்தார், 1867-இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை போட்டார், 1892-இல் அங்கேயே இறந்தார். கனத்த உடம்பு, ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து முறைபோட்டுச் சுமந்து கண்டிக்குக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். மஹய்யாவ மயானத்தில் கல்லறை இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் ஒரு பக்கம். அந்தப் பத்தொன்பது ஏக்கரில் காடு வெட்டியவர், கன்று நட்டவர், சவப்பெட்டியைத் தோளில் வைத்தவர், இவர்கள் யார் என்று கேட்கப்போகிற பிள்ளை உன் தளத்துக்கு வருகிறது. நீ அதை வாசலிலேயே கைபிடித்து இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாய். அந்த வீட்டில் உன் தோட்டத்து ஆட்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

2023-இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதை ஒட்டி, 'மலையகம் 200' என்று ஊர் ஊராக நடந்தோம், பேசினோம். அதில் பாதிப் பேச்சு எங்கேயும் எழுத்தாகவில்லை. உன்னிடம் ஒரு தளம் இருக்கிறது, காலியாக ஒரு பக்கம் இருக்கிறது, மெனுவில் 'வரலாறு' என்ற சொல்லும் ஏற்கெனவே இருக்கிறது. லிங்கைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு பக்கத்தைத் திற. நாலு பத்தி போதும். டெய்லர் பக்கத்துக்கான லிங்கை அந்தக் கட்டுரைக்குள் எங்காவது வைத்துக்கொள், எனக்கு அவர் மேல் பகை ஒன்றுமில்லை.

உன் அம்மாயி பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட காலத்தைப் பற்றிச் சொல்வார் என்று ஒருமுறை சொன்னாயே. வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பஸ்ஸில் வருகிறேன், பதிவுசெய்கிற கருவி என்னிடம் இருக்கிறது. அவர் காலையில் நன்றாகப் பேசுவாரா, தேத்தண்ணி குடித்த பிறகு சாயந்தரமா என்று மட்டும் எழுது.

அண்ணன்,
கட்டுகஸ்தோட்டை