மயில்துத்தம்

ஆய்வுக்கூடத்தில் நம் கண்ணை முதலில் கவர்வது நீலக் கற்கண்டு போன்ற மயில்துத்தமே. தாமிரம், கந்தகம், ஆக்சிஜன் சேர்ந்த இவ்வுப்பைத் தாமிர சல்பேட் என்கிறோம். சோதனைக் குழாயிலிட்டுச் சூடேற்றினால் படிகநீர் நீங்கி வெண்பொடியாகும். ஒரு சொட்டு நீர் விட்டதும் மீண்டும் நீலம்! எத்தனை முறை பார்த்தாலும் நமக்கு அலுப்பதில்லை.

இதன் கரைசலில் இரும்பு ஆணியை இட்டால் செந்நிறத் தாமிரம் படியும். இச்சிறு சோதனை தோட்டத்திலும் உதவுகிறது. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வந்தனர். அக்கொடிகளை அடிச்சாம்பல் நோய் தாக்காததைக் கண்ட பேராசிரியர் மில்லார்டே, ஆராய்ந்து 1885-இல் போர்டோ கலவையை உலகுக்கு அறிவித்தார். 1 கிலோ துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் சேர்ந்தால் ஒரு சதவீதக் கலவை. இரும்புப் பாத்திரம் ஆகாது. காரணம் ஆணியே சொல்லும். தெளிக்குமுன் பளபளப்பான கத்தியை அதில் நனைத்துப் பார்ப்பர். செம்மை படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அப்படியே தெளித்தால் இலைகள் கருகிவிடும்.

கற்கண்டு என்றோமே, அது தோற்றத்தில் மட்டும். துத்தம் நஞ்சு. தோட்டத்துக்கு வாங்கியது வீட்டிலிருந்தால், தம்பி தங்கையர் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததும் கை கழுவிய பின்பே நாம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க வேண்டும்.