சங்கம் முதலில் தொடங்கத்தக்க தொழில் எது?

கிராமத்தில் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டு, பங்குத் தொகையும் ஓரளவு சேர்ந்தவுடன், அங்கத்தினரிடையே பலவித யோசனைகள் எழுவது இயல்பு. எண்ணெய்ச் செக்கு வைக்கலாம் என்பார் ஒருவர். தேனீ வளர்க்கலாம் என்பார் மற்றொருவர். பாய் நெசவு, கோழி வளர்ப்பு, பனைவெல்லம், கைக்குத்தலரிசி என ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் இருப்பர். இவற்றுள் எதையும் தகாத தொழிலென்று தள்ளுவதற்கில்லை. ஆகவே நிர்வாக சபையாருக்கு நேரும் கஷ்டம் நல்ல தொழில் அகப்படாமையன்று; நல்லவை பலவற்றுள் முதலாவது எது என்று துணிவதேயாம்.

இத்துணிவை அற்பமாக எண்ணலாகாது. சங்கத்தின் முதல் முயற்சிக்குச் செலவாகும் பணம், கூலிக்காரரும் சிறு குடியானவரும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். இரண்டாவது முயற்சி நஷ்டப்பட்டால் முதலாவதன் லாபம் அதனைத் தாங்கும்; முதலாவதே நஷ்டப்பட்டாலோ தாங்குவதற்கு யாதுமில்லை. பணத்தோடு நம்பிக்கையும் போய்விடும். எல்லாவற்றையும் ஒருங்கே தொடங்கிப் பார்ப்போமெனில், உள்ள சொற்ப மூலதனம் பல கூறாகி ஒன்றுக்கும் போதாததாகும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது முன்னோர் கண்ட அநுபவம்.

ராச்டேல் நெசவாளர்

இவ்விஷயத்தில் கூட்டுறவு இயக்கத்தின் சரித்திரமே தக்க பாடம் புகட்டுகிறது. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சார்ந்த ராச்டேல் என்னும் ஊரில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடி ஒரு சங்கம் கண்டனர். அவர்களுள் பலர் கம்பளித் துணி நெய்யும் ஏழைத் தொழிலாளர். வாரந்தோறும் சில பென்ஸ் வீதம் செலுத்தி அவர்கள் திரட்டிய மூலதனம் 28 பவுன். அவர்களது நோக்கங்களோ மிகப் பெரியன. பலசரக்கும் துணியும் விற்கும் கடை வைத்தல், அங்கத்தினருக்கு வீடு கட்டுதல், வேலையற்ற அங்கத்தினருக்காகத் தொழிற்சாலை நிறுவுதல், நிலம் வாங்கிப் பயிரிடுதல் ஆகிய யாவும் அவர்களது முதல் திட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தன.

அவர்கள் நெசவுத் தொழிலில் தேர்ந்தவர்கள். ஆயினும் முதலில் நெசவுச் சாலை வைத்தாரில்லை. 1844 டிசம்பர் 21-ஆம் தேதி மாலையில் ஒரு பண்டகசாலைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் சிறு கடை ஒன்றைத் திறந்தனர். அங்கிருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள் ஆகியவையே. கடையும் தினந்தோறும் திறந்திருக்கவில்லை; ஆரம்பத்தில் வாரத்தில் இரண்டு மாலைகளே வியாபாரம் நடந்தது.

1845-ஆம் ஆண்டு முடிவில் அங்கத்தினர் தொகை 74 ஆகவும், மூலதனம் 181 பவுனாகவும் உயர்ந்தன. அவ்வாண்டில் 710 பவுன் பெறுமான சரக்கு விற்றது. பின்னர் 1850-இல் மாவு ஆலையும், 1854-இல் நூற்பு நெசவுத் தொழிலுக்கென ஒரு சங்கமும் தோன்றின. மாவு ஆலை தொடக்கத்தில் நஷ்டப்பட்டது. ஆயினும் கடை வேரூன்றி நின்றமையால் அந்நஷ்டத்தைத் தாங்கி ஆலையை நிலைநிறுத்த முடிந்தது. அவ்வாலையையே அவர்கள் முதலில் தொடங்கியிருந்தால் சங்கம் நிலைத்திருப்பது அரிது.

அவ்வரிசையின் காரணம்

கடைச் சரக்குகளை வாங்குவோர் யாரென்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை, வாங்குவோர் அங்கத்தினரேயாவர். மாவும் சர்க்கரையும் அவர்கள் வாரந்தோறும் எப்படியும் எங்கேயாயினும் வாங்கியே தீர வேண்டியவை. துணி நெய்தாலோ அதனை விற்க அயலாரை நாட வேண்டும். தறிக்கும் நூலுக்கும் பெரும்பணம் வேண்டும். ஆகவே தங்களுக்குத் தெரிந்த தொழிலைக் காட்டிலும், தங்களுக்கு நிச்சயமாய்த் தெரிந்த தேவையையே அவர்கள் முதற்படியாகக் கொண்டனர்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அதே ஊரில் 1833-இல் தொடங்கிய முந்திய கூட்டுறவுக் கடையொன்று, கடனுக்குச் சரக்குக் கொடுத்தமையால் இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. அதனை நேரிற் கண்டிருந்தவர்கள் ரொக்க விக்கிரயம் ஒன்றையே விதியாகக் கொண்டனர். பின்னர், 1904-இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களும் ராச்டேல் முறையையே வழிகாட்டியாகக் கொண்டனர்.

வாங்கும் விஷயத்தில் கண்ட இவ்விதி, விற்கும் விஷயத்திற்கும் பொருந்தும். குஜராத்தில் கேடா ஜில்லாப் பால் உற்பத்தியாளர் 1946-இல் ஆனந்த் நகரில் கூட்டுறவு சங்கம் கண்டபோது புதுத் தொழில் ஒன்றையும் தேடவில்லை. முன்னரே தாங்கள் தரகர் மூலம் விற்றுவந்த பாலையே ஒன்றுசேர்த்து விற்கத் தலைப்பட்டனர். பம்பாய் நகரம் அப்பாலுக்கு முன்னரே சந்தையாக இருந்தது. வெண்ணெயும் பால்பொடியும் செய்யும் ஆலை 1955-இல்தான் ஏற்பட்டது.

ஆராய வேண்டிய நான்கு விஷயங்கள்

யோசனை ஒவ்வொன்றையும் நிர்வாக சபையார் பின்வரும் நான்கு வகையாலும் ஆராய்தல் நலம்.

1. வாங்குவோர் யார்? பெயர் சொல்லத்தக்க நபர்கள் இருக்க வேண்டும். "டவுனில் நன்றாக விலைபோகும்" என்பது விடையாகாது.

2. எத்தனை முறை வாங்குவர்? வாரந்தோறும் செலவாகும் பொருளில் போட்ட பணம் விரைவில் திரும்பும். ஆண்டுக்கொரு முறை விற்கும் பொருளில் அது முடங்கிக் கிடக்கும்.

3. வேலை தெரிந்தவர் ஊரில் உளரா? ஒருவரே தெரிந்தவராயின், அவர் நோயுற்றாலும் ஊரைவிட்டுப் போனாலும் தொழில் நின்றுவிடும்.

4. முற்றும் நஷ்டப்பட்டால் சங்கம் பிழைக்குமா? பிழைக்காதெனில், அத்தொழில் எவ்வளவு லாபகரமாகத் தோன்றினும் முதலாவதாகத் தகாது.

லாபம் எவ்வளவு என்னும் கேள்வி இந்நான்கிற்கும் பிற்பட்டது. மிகுந்த லாபம் தருவதாகச் சொல்லப்படும் தொழில் இந்நான்கில் தவறுமாயின், அதைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் உதாரணம்

80 குடும்பங்கள் சேர்ந்த ஒரு சங்கத்தில் எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்பு, பாய் நெசவு ஆகிய மூன்று யோசனைகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். தேனை வாங்குவோர் ஊரில் சிலரே. பாய் நெய்யத் தெரிந்தவர்கள் பலர் உளர். ஆனால் ஒரு குடும்பம் ஆண்டிற்கு ஒன்றிரண்டு பாய்க்கு மேல் வாங்காது. எண்ணெயோ எல்லா வீட்டிலும் வாரந்தோறும் செலவாவது. ஆகவே எண்ணெய் முதலிடம் பெறுகிறது.

அதனால் உடனே செக்கு வாங்கிவிடலாம் என்பதன்று. குடும்பத்திற்கு மாதம் 3 படி வீதம் 80 குடும்பங்களுக்கு 240 படி செலவாகும். ஆனால் சங்கத்திலேயே ரொக்கத்திற்கு வாங்குவதாக ஒப்புக்கொள்பவர் பாதிப்பேராயின், நிச்சயமான விற்பனை 120 படியே. செக்கின் தேய்மானமும் ஆட்கூலியும் கட்டுப்பட மாதம் 200 படி ஆட்ட வேண்டுமாயின், செக்கு வாங்குவது நஷ்டத்தை விலைக்கு வாங்குவதேயாகும். அப்பொழுது செய்யத்தக்கது யாது? நிலக்கடலையை அறுவடைக் காலத்தில் அங்கத்தினரிடமே கொள்முதல் செய்து, ஊரிலோ அடுத்த ஊரிலோ உள்ள செக்கில் கூலிக்கு ஆட்டுவித்து, எண்ணெயை மட்டும் சங்கத்தில் விற்கலாம். பிண்ணாக்கையும் மாடு வைத்திருப்போர் வாங்கிக்கொள்வர். மூன்று மாதம் இவ்வாறு நடத்தினால் உண்மையான தேவை இவ்வளவென்று கணக்குப் புத்தகமே சொல்லிவிடும். 200 படியை எட்டிய பிறகு சொந்தச் செக்கைப் பற்றி யோசிக்கலாம். எட்டாவிடின், சங்கம் இழந்தது சொற்பமே.

ஒத்திவைத்த யோசனைகள்

முதலில் எடுக்கப்படாத யோசனையைக் கூறியவர் மனம் தளர்ந்து சங்கத்தை விட்டு விலகுவதுண்டு. இது பெருநஷ்டம். ஆகவே ஒத்திவைத்தவற்றையும் நடவடிக்கைப் புத்தகத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் எந்நிலையில் மறுபடி ஆலோசிப்பது என்பதையும் குறித்தல் வேண்டும். ராச்டேலில் தறியும் ஆலையும் கைவிடப்பட்டனவல்ல, வரிசையில் நின்றன. தம் யோசனைக்கும் முறை வரும் என்றறிந்த அங்கத்தினர், முதல் முயற்சி நிலைபெறத் தாமும் பாடுபடுவர்.

அடுத்த கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. நமது அங்கத்தினர் வாரந்தோறும் வெளியே வாங்கும் பொருள்களும், தரகர் மூலம் விற்கும் பொருள்களும் யாவை?

2. அவற்றுள் எதனைச் சங்கத்தில் ரொக்கத்திற்கு வாங்குவதாக எத்தனை பேர் கையெழுத்திடுவர்?

3. யந்திரமோ கட்டிடமோ வாங்காமல் அதனை மூன்று மாதம் நடத்திப் பார்க்க வழி யாது?

4. போட்ட பணம் முழுவதும் போயினும் சங்கம் நிலைக்கத்தக்க தொகை எவ்வளவு?